சல்லியில் என் குரல் சொன்ன நேரம்

இதை எழுத வேண்டியவர் அருள் தம்பி. அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியும், மூன்று மொழி தெரியும், நடந்ததை வரிசையாகச் சொல்லவும் தெரியும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் போவதற்கு முன்னால் வாசலில் நின்று செருப்பை இரண்டு தடவை சரி செய்பவள். ஆனால் எங்கள் மையத்தில், “போய் வந்தது நீ, நீதான் எழுதித் தரணும்” என்று சொல்லிவிட்டார்கள். புரியாத இடங்களில் புரியவில்லை என்றே எழுதியிருக்கிறேன். அந்த இடங்கள் நிறைய வரும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். கடல் பொங்கி வந்துபோன பிறகு ஊருக்கு ஒரு தகவல் மையம் வந்தது, எனக்கு ஒரு வேலையும் வந்தது. மையத்துக் கம்ப்யூட்டர் இணையத்திலிருந்து அலை எவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கம் என்று எடுத்துக்கொள்ளும். எடுத்ததை ஒலிபெருக்கியில் சொல்லும். சொல்லுகிற குரல் என்னுடையது. ‘ஒன்று’, ‘இரண்டு’, ‘மணி’, ‘அலை’, ‘கரைக்கு வரவும்’ என்று ஒவ்வொரு சொல்லாக, கதவைச் சாத்திக்கொண்டு, தனியாகப் பேசிப் பதிந்தேன். வேண்டிய நேரத்தில் வேண்டிய சொல்லை ஒட்டிக்கொள்வது கம்ப்யூட்டரின் வேலை. ஆள் முன்னால் வாய் திறக்காதவளின் குரல் ஊர் முழுக்கக் கேட்பதில் என் தம்பி மனைவிக்கு இன்றுவரை சிரிப்பு.

இதையெல்லாம் செய்கிற நிரலை ஒரு கல்லூரி மாணவர் விடுமுறையில் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதை இலங்கையில், திருகோணமலைக்கு வடக்கே சல்லி என்ற மீன்பிடி ஊருக்காக எடுத்தார்கள். நிரலோடு என் குரலும் போனது. சில மாதம் கழித்து, அந்த ஊர்ப் பெண் ஒருவரின் குரலிலேயே மாற்றிப் பதிய வேண்டும், கற்றுக்கொடுக்க ஆள் அனுப்புங்கள் என்று கேட்டார்கள். என்னை அனுப்பினார்கள். அங்கே அப்போது போர் நிறுத்தம் என்று ஒன்று காகிதத்தில் இருந்தது.

முதல் நாள் திருகோணமலை பஸ் நிலையத்தில் மான்களைப் பார்த்தேன். நம் ஊரில் மாடு நிற்கிற இடத்தில் அங்கே புள்ளிமான் நிற்கிறது. ஒன்று வாழைப்பழத் தோலைத் தின்றது, இன்னொன்று யாரோ போட்ட பஸ் டிக்கெட்டைத் தின்றது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மான்களுக்குப் பின்னால் மணல் மூட்டை அடுக்கிய காவலரண். அதற்குள் ஒரு சிப்பாய் கொட்டாவி விட்டார். துப்பாக்கி கொட்டாவி விடவில்லை.

சல்லி பஸ் மூன்று மணிக்கு என்று அருள் போனில் சொல்லியிருந்தார். அவர்தான் சல்லியில் கம்ப்யூட்டரை நிறுவியவர். கொழும்பில் மென்பொருள் கம்பெனியில் வேலை, விடுமுறை நாட்களில் இந்தத் தொண்டு. என் கைக்கடிகாரத்தில் மூன்று மணியாகப் பத்து நிமிடம் இருந்தது. கடலை விற்றவரிடம் கேட்டேன்.

“சல்லி பஸ்ஸோ? அது போய்க் கனநேரம்.”

“மூணு மணிக்குன்னாங்களே?”

“ஓம், மூண்டு மணிக்குத்தான் போனது.” அவர் என் கையைப் பார்த்தார். “இது பழைய நேரமெல்லே ஓடுது? எங்க இருந்து வாறீங்கள், சம்பூர்ப் பக்கமோ?”

“இந்தியாங்க.”

“அப்ப சரி. நீங்களும் பழைய நேரக்காரர்தான்.” கடலைச் சுருளைக் கொஞ்சம் கூட நிரப்பிக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “குடாவுக்கு அங்கால பழைய நேரம். இஞ்சால புது நேரம். நடுவில தண்ணி.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்த அருள்தான் விளக்கினார். சில வருடங்களுக்கு முன் அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியது. குடாவுக்குத் தெற்கே சம்பூர்ப் பக்கத்தை வைத்திருந்த இயக்கத்தவர்கள் தள்ளவில்லை. ஆகவே ஒரே குடாவைச் சுற்றி இரண்டு நேரம். படகில் ஏறி அங்கே போய் இறங்கினால் அரை மணி இளமையாகிவிடலாம், திரும்பி வந்தால் அது போய்விடும்.

“இதிலே எது சரி தம்பி?”

“நிக்கிற பக்கம் சரி அக்கா,” என்றார் அருள். “நீங்க முதல்ல மணிக்கூட்டை மாத்துங்க. செக் பொயின்ட்ல பார்த்தாங்க எண்டால் தேவையில்லாத கதை வரும்.”

என் கடிகாரத்தின் திருகு உப்புக்காற்றில் இறுகிப் பல நாளாயிற்று. பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும் என்று பயம். கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று மாலை துறைமுகத் தெருவில் ஒரு கடையில் பாணும் பருப்பும் சாப்பிட்டோம். பாண் என்றால் நம் ரொட்டிதான். ஆனால் நாம் அதைக் காய்ச்சல்காரருக்குத் தருகிறோம், அவர்கள் தேங்காயும் மிளகாயும் இடித்த சம்பலில் தொட்டு விருந்தாகச் சாப்பிடுகிறார்கள். பால் இல்லாத தேநீர் வந்தது. அதை பிளேன்டீ என்றார்கள். சர்க்கரையைத் தேநீரில் போடாமல் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு நக்கி நக்கிக் குடித்தார் எதிரே இருந்தவர். நானும் முயன்றேன். தேநீர் தீர்வதற்கு முன்பே சர்க்கரை தீர்ந்துவிட்டது.

அருள் பேசிக்கொண்டே இருந்தார். உலகத்தில் மென்பொருள் செய்கிற முறையே மாறிவிட்டதாம். முன்பெல்லாம் பூட்டிய அறைக்குள் வருடக்கணக்கில் செய்து, பெட்டியில் அடைத்து விற்பார்கள். இப்போது அரைகுறையாக இருக்கும்போதே எல்லார் முன்னாலும் வைத்துவிடுகிறார்கள், தினமும் கொஞ்சம் திருத்துகிறார்கள். கலைக்களஞ்சியத்தையே யார் வேண்டுமானாலும் வந்து திருத்தலாமாம். ஆளாளுக்கு நாட்குறிப்பை ஊர் பார்க்க எழுதுகிறார்களாம்.

“தப்பா எழுதிட்டா?”

“அதுதான் அக்கா விசயமே. பூட்டி வைச்சால் பிழையும் உள்ளேயே இருக்கும். திறந்து வைச்சால் ஆயிரம் பேர் பார்ப்பினம். யாராவது ஒருத்தர் சொல்லிப்போடுவார். எங்கட நிரலுக்கும் பிழை சொல்லுற பக்கம் ஒண்டு வைச்சிருக்கிறன்.”

“யாராச்சும் சொன்னாங்களா?”

அருள் சிரித்தார். “ஒரே ஒரு ஆள். ‘அக்காவின் குரல் நல்லாயிருக்கு’ எண்டு எழுதியிருந்தார்.”

நான் தேநீர்க் குவளைக்குள் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் சல்லிக்குப் போனோம். பஸ் இரண்டு தடவை நின்றது. ஒரு தடவை எல்லாரும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்துபோய் மறுபக்கம் ஏற வேண்டியிருந்தது. இன்னொரு தடவை இஞ்சின் தானாக நின்றது. இரண்டாவது நிறுத்தத்தில்தான் எல்லாரும் கோபப்பட்டார்கள்.

ஊர் எங்கள் ஊர் மாதிரியே இருந்தது, அதுவே குழப்பமாக இருந்தது. அதே கருவாட்டு வாசனை, மணலில் சாய்த்து வைத்த அதே சைக்கிள்கள், மாரியம்மன் கோயில். ஆனால் கடலைப் பார்த்தால் தூரத்தில் சாம்பல் நிறத்தில் கடற்படைப் படகு. அதைப் பார்க்காத மாதிரி வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கடையில் தாகத்துக்கு நின்று, “கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றேன். அவ்வளவுதான். அரிசி அளந்துகொண்டிருந்த பெண் கையை நிறுத்தினார். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் திரும்பினார்கள்.

“எண்ட அம்மாளே! இது எங்கட ஸ்பீக்கர் அக்காவெல்லே!”

“இன்னொருக்காச் சொல்லுங்கோ அக்கா!”

“நான் உயரமான ஆளெண்டு நினைச்சன்,” என்றார் அரிசிப் பெண், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

எங்கிருந்தோ பிள்ளைகள் வந்து “கவனிக்கவும், கவனிக்கவும்” என்று என் குரலில் கத்திக்கொண்டு பின்னால் நடந்தார்கள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அருளுக்குப் பின்னால் ஒளிந்து நடந்தேன். அவர் ஒல்லி. பெரிதாக உதவவில்லை.

மையம் என்பது மீனவர் சங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை. ஒரு கம்ப்யூட்டர், தொலைபேசியில் கீச்சிட்டபடி இணையத்தைப் பிடிக்கும் ஒரு பெட்டி, இரண்டு நாற்காலி. வெளியே கம்பத்தில் ஒலிபெருக்கி. அதைப் பார்த்துக்கொள்பவர் தவமணி. நாற்பதை நெருங்குபவர், கணவர் கடலோடு போனவர். தன் குரல் ஒலிபெருக்கியில் வரப்போகிறது என்ற சந்தோசத்தில் நல்ல சேலை கட்டியிருந்தார்.

“இருங்கோ அக்கா. உங்களோட மாதக்கணக்கா ஒரே அறையில இருக்கிறன், இண்டைக்குத்தான் முகத்தைப் பார்க்கிறன்.”

மதியம் அவர் வீட்டில் சாப்பாடு. சுறா வறையும், தேங்காய்ப்பால் விட்ட சொதியும். சுறாவை அப்படித் தேங்காய்ப்பூ போட்டு வறுத்து நான் சாப்பிட்டதில்லை. எங்கள் ஊர் சுறாப் புட்டுக்கு அது அக்காள் முறை. அந்த வீட்டில் தவமணியின் தங்கை கோமதியும், அவள் கணவன் ரவியும் இருந்தார்கள். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ரவிக்கு ஊர் குச்சவெளி, இன்னும் வடக்கே. அந்தக் கரையில் கல்யாணமானால் பெண் புகுந்த வீடு போவதில்லை, ஆண்தான் பெண் வீட்டுக்கு வருகிறான். எங்கள் பக்கம் புது மருமகள் முழிக்கிற அதே முழியை ரவி முழித்துக்கொண்டிருந்தான். அடுப்படி எந்தப் பக்கம், எந்தக் கிணற்றில் குளிக்கிறது, யாரை அண்ணை என்கிறது, யாரை மாமா என்கிறது என்று எல்லாவற்றுக்கும் கோமதியின் முகத்தைப் பார்த்தான்.

“மாப்பிள்ளைக்கு இன்னும் ஊர் பிடிபடேல்லை,” என்றார் தவமணி. “நேத்துப் பக்கத்து வீட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போயிட்டார்.”

“நல்ல வலையாப் பார்த்துத்தானே எடுத்தனான்,” என்றான் ரவி. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவனைப் பிடித்தது. வெட்கப்படுகிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

பிற்பகல் முழுக்கத் தவமணிக்குப் பதியக் கற்றுக்கொடுத்தேன். ‘மணி’ என்று சொல்லும்போது மூச்சு மைக்கில் படாமல் முகத்தைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், இதுதான் எனக்குத் தெரிந்த வித்தை. அவர் குரல் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. மறுநாள் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

மாலையில் வெளியே வந்து நின்றபோது என் தலைக்கு மேல் நானே பேசினேன். “கவனிக்கவும். இப்போது நேரம் ஐந்து மணி. கடலில் இருப்பவர்கள் ஆறு மணிக்குள் கரைக்கு வரவும்.” அங்கே ஆறு மணிக்குக் கடல் மூடுகிறது. அதற்குப் பிறகு தண்ணீரில் எந்தப் படகும் இருக்கக்கூடாது என்பது கடற்படையின் உத்தரவு. வெட்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் கைப்பையைத் திறந்தேன். உள்ளே கடிகாரம் சரியாக ஐந்தைக் காட்டியது. இந்த ஊரில் ஒன்றாவது எனக்கு ஒத்துப்போகிறதே என்று நிம்மதியாக இருந்தது.

ரவி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனான். “கிட்டத்தான் வலை கிடக்கு அக்கா. ஒரு மணித்தியாலம் இருக்கெல்லே, பார்த்திட்டு வாறன்.” தன் சின்ன வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனான். கரையில் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் அவசர அவசரமாகப் படகுகளை மணலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

ரவி வரவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே சாம்பல் படகு ஒன்று அவன் வள்ளத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு முகாம் பக்கம் போனதைக் கரையில் நின்றவர்கள் பார்த்தார்கள். வெடிச்சத்தம் கேட்கவில்லை என்று ஒருவர் கோமதியிடம் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் விடிந்ததும் கிராமசேவகர், நம் ஊர் கிராம அதிகாரி மாதிரி, சைக்கிளில் வந்தார். முகாமிலிருந்து அவருக்குச் செய்தி. ரவி உயிரோடுதான் இருக்கிறான். ஏன் பிந்தினாய் என்று கேட்டதற்கு, ஸ்பீக்கர் ஐந்து மணி என்று சொல்லித்தான் போனேன் என்றிருக்கிறான். அவன் போனது ஐந்தரைக்கு.

“இப்ப அவையள் கேக்கிறது மாப்பிள்ளையைப் பற்றி இல்லை, பிள்ளை,” என்றார் கிராமசேவகர் தவமணியிடம். “உங்கட ஸ்பீக்கர் ஏன் அந்தப் பக்கத்து நேரம் சொல்லுது எண்டு கேக்கினம். ஸ்பீக்கர்க்காரரை வரட்டாம். வந்து சொல்லுற மறுமொழியைப் பார்த்துத்தான் அவரை விடுறதோ, மேல அனுப்புறதோ எண்டு.”

மேலே என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

அருள் கம்ப்யூட்டரைத் திறந்தார். நிரலுக்குள் என்னவோ தேடினார். பிறகு தலையில் கை வைத்தார். எனக்குப் புரிந்த அளவில் இதுதான். அலைக் கணக்கு எங்கோ வெளிநாட்டு நேரத்தில் வருகிறது. அதோடு ஐந்தரை மணியைக் கூட்டினால் இந்திய நேரம். நிரல் எழுதிய மாணவர், நாட்டைக் கேட்காமல், கம்ப்யூட்டரின் கடிகாரத்தையும் கேட்காமல், ஐந்தரையைக் கூட்டு என்று நேராக எழுதி வைத்துவிட்டார். சல்லிக்கு ஆறு கூட்ட வேண்டும். இங்கே வந்த நாளிலிருந்து என் குரல் அரை மணி பிந்தியே பேசியிருக்கிறது.

“இத்தனை மாசமா? ஒருத்தரும் கவனிக்கேல்லையா?” என்றார் அருள்.

அப்போதுதான் அந்த விசித்திரம் வெளியே வந்தது. எல்லாரும் கவனித்திருந்தார்கள்.

“நான் முதல் நாளே பார்த்தனான்,” என்றார் தவமணி. “அக்கா இந்தியா எல்லே, இந்திய நேரம் சொல்லுறா எண்டு நினைச்சன். வந்த ஆளின்ர நேரத்தைப் பிழை எண்டு சொல்லலாமோ?”

“கோயில் பூசைக்குப் பழைய நேரம்தானே பார்க்கிறது. அதுக்காகத்தான் எண்டு நான் இருந்தன்,” என்றார் வாசலில் நின்ற ஒரு சம்மாட்டி, நாலு படகுக்குச் சொந்தக்காரர். இன்னொருவர் குடாவின் தென் பக்கம் கையைக் காட்டினார். அவர் நினைத்தது வேறு. நினைத்ததை எந்தப் பக்கத்திலும் வாய் விட்டுக் கேட்க முடியாது.

ஆகவே ஊர் முழுவதும் மனதுக்குள் அரை மணி கூட்டிக்கொண்டு வாழ்ந்திருக்கிறது. ஐந்து என்றால் ஐந்தரை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும். புதிதாக வந்த மாப்பிள்ளைக்கு மட்டும் தெரியாது. கல்யாணத்துக்குக் கொடுத்த கைக்கடிகாரத்தை உப்புப் படும் என்று கோமதி அலமாரியில் பூட்டி வைத்திருந்தாள்.

“நீங்களும் நேரில வந்து ஸ்பீக்கரைக் கேட்டீங்கள்தானே தம்பி?” என்று தவமணி அருளிடம் கேட்டார்.

“கேட்டன்,” என்றார் அருள். “லைன் ஸ்லோ, அதுதான் பிந்திச் சொல்லுது எண்டு நினைச்சன்.”

முகாமுக்கு மூன்று பேரும் போனோம். நான் வர வேண்டாம் என்றார் தவமணி. என்னுடைய குரலைத்தான் கூப்பிடுகிறார்கள், குரலைத் தனியாக எப்படி அனுப்புவது? 

அதிகாரி மேசைக்குப் பின்னால் இருந்தார். மெலிந்த மனிதர், மூக்குக்கண்ணாடி. அவர் சிங்களத்தில் பேசியதை அருள் பின்னர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அருள் மடிக்கணினியைத் திறந்து அந்த வரியைக் காட்டினார். இந்த நிரல் பூட்டியதல்ல, யாரும் உள்ளே பார்க்கலாம், நீங்களும் பாருங்கள் என்றார். அதிகாரி குனிந்து படித்தார்.

“யாரும் பார்க்கலாம். யாரும் மாற்றலாமா?”

“மாற்றலாம்.”

“அப்படியானால் இந்த வரியை இன்று காலை நீங்களே எழுதியிருக்கலாம்.”

 யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பது முழுக்க இணையத்தில் இருக்கிறது என்றார் அருள். அதைக் காட்ட இணையம் வேண்டும் என்றார். அந்த அறையில் இருந்தது ஒரு சுவர்க் கடிகாரமும் ஒரு மின்விசிறியும்தான். தவமணி என் கையைப் பிடித்திருந்தார். 

எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. கைப்பையைத் திறந்து கடவுச்சீட்டை எடுத்து வைத்தேன். பக்கத்தில் கடிகாரத்தையும் வைத்தேன். “ஐயா,” என்றேன்.  மறுபடி, “ஐயா, எங்க ஊருல இதாங்க நேரம். நான் பேசினதுதாங்க அது,” என்றேன்.

வாசலில் நின்ற காவல்காரர் சட்டென்று என்னைப் பார்த்தார். என்னவோ சொன்னார். அதிகாரி நிமிர்ந்து, கொச்சைத் தமிழில், “ஸ்பீக்கர் சொல்றது, சொல்லுங்க,” என்றார்.

ஆயுதம் வைத்திருக்கிற இரண்டு ஆண்கள் முன்னால், கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். “கவனிக்கவும். இப்போது நேரம் ஐந்து மணி.” ‘மணி’ வந்தபோது பழக்கத்தில் முகத்தைத் திருப்பினேன். காவல்காரர் சிரித்துவிட்டார்.

அதன்பின் அதிகாரிக்கும் அவருக்கும் நடந்த பேச்சை அருள் இப்படிச் சொன்னார்:

“இந்தக் குரலைத் தினமும் கேட்கிறாயா?”

“கேட்கிறேன் சார்.”

“அரை மணி பிந்திச் சொல்வது தெரியுமா?”

“தெரியும் சார்.”

“ஏன் எனக்குச் சொல்லவில்லை?”

“ஊர்க் கடிகாரம் பழசு, மெதுவாக ஓடுகிறது என்று நினைத்தேன் சார்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் தாயார் இன்றும் நல்ல காரியங்களுக்குப் பழைய நேரம்தான் பார்க்கிறார், வீட்டில் இரண்டு கடிகாரம் இருக்கிறது என்றார். அதை ஏன் எங்களிடம் சொன்னார் என்று தெரியவில்லை. சொன்னபின் அவருக்கும் தெரியவில்லை போலிருந்தது. உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, இன்று மாலைக்குள் அந்த நேரத்தை நிறுத்த வேண்டும், நான் கேட்டுக்கொண்டிருப்பேன் என்றார். ரவியையும் வள்ளத்தையும் விட்டார். வலை முகாமில் இல்லை. கடலில்தான் கிடக்க வேண்டும்.

 மையத்துக்குள் வந்ததும் தவமணி கதவைச் சாத்தினார்.

“தம்பி, அதை ஆறாக மாத்த வேண்டாம்.”

“என்னக்கா? மாத்தத்தானே வேணும்?”

“இண்டைக்குப் பின்னேரம் ஸ்பீக்கர் புது நேரம் சொன்னால் ஊருக்கு என்ன விளங்கும்? காலமை தவமணி முகாமுக்குப் போனவள், பின்னேரம் நேரம் மாறிட்டுது எண்டு விளங்கும். இவ்வளவு நாளும் முகாமில இருக்கிற இவையள் பார்த்துக்கொண்டு இருந்தவை. இனி குடாவுக்கு அங்கால இருக்கிற அவையள் வந்து கேப்பினம். இவைக்கு மறுமொழி சொல்ல அக்கான்ர மணிக்கூடு இருந்தது. அவைக்கு நான் எதைக் காட்டுறது?”

 ஆறு என்பது சரி, ஐந்தரை என்பது பிழை, இது கணக்கு என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன். சரியாக்கினால் ஒரு பெண்ணுக்கு ஆபத்து, பிழையாக விட்டாலும் ஆபத்து என்றால் அது என்ன கணக்கு? எனக்கு இன்னும் புரியவில்லை.

பக்கத்தில் தவமணியின் வீட்டிலிருந்து கோமதியின் சத்தம் கேட்டது. ரவிக்குப் பாணும் மீன் குழம்பும் வைத்துவிட்டுத் திட்டிக்கொண்டிருந்தாள்.

“ஐஞ்சோ ஐஞ்சரையோ, அதெல்லாம் உங்களுக்கு என்னத்துக்கு? கடல் மூட இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு எண்டு கேட்டிட்டுப் போயிருக்கலாமே! வாய் இல்லையோ?”

“ஆரிட்ட கேக்கிறது?”

“அந்த ஸ்பீக்கரிட்டயே கேட்டிருக்கலாம்!”

ரவி சாப்பாட்டோடு சிரித்துப் புரையேறி இருமினான். தவமணி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அருளுக்குக் கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது.

மணி சொல்லவே வேண்டாம். எந்த நேரமும் சொல்ல வேண்டாம். ‘இன்னும் ஒரு மணித்தியாலத்தில் கடல் மூடும். இன்னும் அரை மணித்தியாலத்தில் கடல் மூடும்.’ அரை மணித்தியாலம் குடாவின் இரண்டு பக்கமும் ஒரே நீளம்தான். அருள் எண்களைத் தட்டத் தொடங்கினார். உள்ளே சரியான கணக்கு இருக்கும், வெளியே எந்தக் கணக்கும் தெரியாது என்றார். பிறகு, “இதையும் இணையத்தில போட்டுவிடுறன். எங்கயாவது தேவைப்படும்,” என்றார்.

புதிய சொற்களைப் பதிய வேண்டியிருந்தது. மைக்கைத் தவமணியின் பக்கம் நகர்த்தினேன். அவர் அதைத் தொடவில்லை.

“நீங்களே பேசுங்கோ அக்கா.”

“உங்க குரலுக்காகத்தானே நான் வந்தேன்.”

“ஓம். ஆனா நீங்கள் நாளைக்குப் போயிடுவீங்கள். உங்கட குரலை ஆர் வந்து கேட்டாலும், அது இந்தியாவில இருக்கிற ஆள் எண்டு சொல்லலாம். என்ர குரல் எண்டால் வீட்டு வாசல் தெரியும்.” நல்ல சேலையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். “ஊருக்கு விளங்கிற மாதிரி மட்டும் சொல்லுங்கோ. மணி நேரம் இல்லை, மணித்தியாலம்.”

அவர் சொல்லிக் கொடுத்தார், நான் சொன்னேன். என்னிடம் கற்றுக்கொள்ள வேண்டியவர் அவர். ‘மணித்தியாலம்’ எனக்கு நாலாவது தடவைதான் சரியாக வந்தது. அன்று மாலை நானே பேசியதை நானே கேட்டேன். எத்தனை மணி என்று யாருக்கும் தெரியவில்லை, எல்லாப் படகும் கரைக்கு வந்துவிட்டது.

மறுநாள் கடல் நாள் முழுக்க மூடியிருந்தது. பாதுகாப்புக் காரணம் என்றார்கள். ஒலிபெருக்கிக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. நான் ஊருக்குத் திரும்ப மூன்று மணி பஸ்ஸில் ஏறினேன்.